பாதி விலை வீட்டின் வாசல்

வீட்டைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். வாசலில் பலவிதமான செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே ஆள் யாருமில்லை.

"செருப்பக் கழட்டாதீங்க" என்றார் தரகர். "கழட்டிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து மாட்டல."

நான் செருப்போடு போய், சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, செருப்போடு திரும்பி வந்தேன். நல்ல காற்றோட்டமான வீடு.

வக்கீலைப் பிடித்து அம்மாவின் வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு, என்னை வெளியே தள்ளியவன் என் அண்ணன். நான் எதற்கு ஆசைப்பட்டாலும் அவன் முந்திக்கொள்வான். அதனால் அண்ணிக்கு போன் செய்து விலையைச் சொன்னேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க அண்ணி."

செருப்பு விஷயத்தில் நானும் மூச்சு விடவில்லை.

தரகுப் பணம் மிச்சம் என்று அவன் வீட்டுக்காரரிடமே நேராகப் போய்ச் சாவி வாங்கினானாம்.

மறுநாள் தரகரும் நானும் போனோம். வரிசையின் கடைசியில் அண்ணனின் கறுப்பு ஷூ இருந்தது. காலுறைகளை மடித்து அதற்குள் வைத்திருந்தான்.

"விலைய இன்னும் குறைப்பாங்க. முடிச்சிடலாமா?" என்றார் தரகர்.

"கொஞ்சம் பொறுங்க. எங்கம்மா வீட்டுப் பத்திரத்த எழுதிக் குடுத்த வக்கீலும் வீடு தேடிக்கிட்டிருக்காராம்."