எதிராளி மாதிரி எழுது

"மறுபடியும் அருமைங்குது இந்த ஏஐ! எதைக் கேட்டாலும் அருமை, பிரமாதம். இதுக்கு நான் எங்க அம்மாகிட்டயே படிச்சுக் காட்டியிருக்கலாம்" என்று மடிக்கணினியைத் தள்ளிவிட்டாள் அண்ணி.

எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் சிரித்தாள். கணவனின் ஒரே தங்கை. அண்ணி கூப்பிடவில்லை, திட்டத்தைப் பார்க்கலாமே என்று அவளாகத்தான் வந்திருந்தாள்.

பதினாறு வருடம் நர்ஸாக இருந்த அண்ணி இடுப்பு வலியால் வேலையை விட்டு ஏழு மாதமாகிறது. வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயாளிகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர் எல்லாம் வாடகைக்கு விடலாம் என்பது அவள் திட்டம். அதற்கு ஆஸ்பத்திரிக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் குடும்பக் கிடங்கு வேண்டும். அது கிடைக்காவிட்டால் தொழிலே கிடையாது. வேறு இடம் எடுக்க அவளால் முடியாது.

கிடங்கு கணவன் பொறுப்பில் இருந்தது. வெளியூர் போயிருந்த அவன் மறுநாள் காலை வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

"இன்னொருத்தரும் எழுதிக் கேட்டிருக்காங்களாம். பொண்டாட்டின்னு பார்க்க மாட்டேன், யார் திட்டத்துல ஓட்டை இல்லையோ அவங்களுக்குத்தான்னு சொல்லிட்டார் உங்க அண்ணன். பெரிய நீதிபதி பரம்பரை!"

"யாராம் அது?"

"வாயைத் திறந்தாத்தானே? அந்த டயர்க் கடைக்காரராத்தான் இருக்கும். ரெண்டு தடவை வந்து ஷட்டர் இடுக்குல எட்டிப் பார்த்துட்டுப் போனார்."

சொல்லிக்கொண்டே வந்த அண்ணிக்கு ஒரு யோசனை தோன்றியது.

"ஏய், நம்ம திட்டம்னு சொன்னா இந்த ஏஐ நமக்கு ஐஸ் வைக்குது. எதிராளி திட்டம்னு சொல்லிப் பார்த்தா என்ன? நீ டைப் பண்ணு. நீதான் டயர்க்காரர். நான் ஜெயிக்கவே கூடாது. தயவு தாட்சண்யம் பார்க்காதே."

"டயரைப் பத்தி எனக்கு என்ன தெரியும் அண்ணி? தையல்னு வெச்சுக்கறேன்."

நாத்தனாரின் விரல்கள் தடதடவென்று ஓடின. 'என் அண்ணி கேட்கும் கிடங்கு எனக்கு வேண்டும். ஆறு தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கப் போகிறேன். இது அண்ணியின் திட்டம். அவருக்கு இடம் கிடைக்கக் கூடாது. இதில் உள்ள ஓட்டைகளை எல்லாம் சொல்.'

"அடிப்பாவி! கொஞ்சமும் கூசாம எழுதறியே!" என்று அவள் தோளில் தட்டினாள் அண்ணி.

ஏஐயிடம் புகழ்ச்சி போன இடம் தெரியவில்லை. 'நோயாளி எழுந்து நடமாடிய பிறகும் கட்டில் திரும்பி வராது. அதில் துணி மடித்து வைப்பார்கள். உங்கள் அண்ணி இதை யோசிக்கவே இல்லை.'

"யோசிக்கலைதான்" என்று ஒப்புக்கொண்டாள் அண்ணி. "வாரா வாரம் நானே போன் பண்ணி உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிப்பேன். தேவை முடிஞ்சிருந்தா அன்னிக்கே வண்டி அனுப்புவேன். எழுது."

'ஒருவர் படுத்த கட்டிலில் அடுத்தவர் படுக்கத் தயங்குவார்.'

"அவங்க கண்ணு முன்னாலயே மருந்து போட்டுத் துடைச்சுட்டுத்தான் படுக்க வைப்பேன். இத்தனை வருஷம் வேற என்ன பண்ணேன்?"

அடுத்தது வந்தது. 'இந்தக் கட்டிலை மூன்றாவது மாடிக்குத் தூக்க நான்கு ஆள் வேண்டும். படிக்கட்டு குறுகல் என்றால் திரும்பவே முடியாது. இந்தத் திட்டம் தரைத்தள வீடுகளோடு நின்றுவிடும். கிடங்கை மறுக்க இந்த ஒரு காரணம் போதும்.'

அண்ணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அவ்வளவுதான் போல இருக்கு. நாளைக்கு உங்க அண்ணன் முதல்ல இதைத்தான் கேப்பார்."

நாத்தனார் திரையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"மூணு துண்டாக் கழட்டற கட்டில் இருக்கு அண்ணி. ஒரு வேலையா பட்டறைக்குப் போனப்போ பார்த்தேன். ரெண்டு பேர் போதும், மாடியில கொண்டுபோய் மாட்டிக்கலாம்."

"நிஜமாவா? இவ்வளவு நேரம் ஏண்டி சொல்லலை?"

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

அதையும் சேர்த்து அனுப்பினார்கள். இந்த முறை பதில் சுருக்கமாக இருந்தது. 'இனி இதில் பெரிய ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்துக்கு உங்கள் தையல் தொழிலைவிட இதுவே பொருத்தம். நீங்கள் விலகிக்கொள்வது நல்லது.'

"பார்த்தியா, உன்னை மூட்டை கட்டச் சொல்லுது!" அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாத்தனாரின் கன்னத்தைக் கிள்ளினாள். "மகராசி, நீ மட்டும் வரலைன்னா நாளைக்கு நான் முழிச்சிருப்பேன். இரு, முக்குக் கடையில பிரிண்ட் எடுத்துட்டு ஓடி வந்துடறேன். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

செருப்பைப் பாதி மாட்டியபடியே ஓடினாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் நாத்தனார் போனை எடுத்தாள்.

"அண்ணா, கிடங்கைக் கேட்டு நான் எழுதின லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடு. கேட்டது நான்தான்னு அண்ணிக்கு மட்டும் தெரிய வேண்டாம்."