மேலே தூவிய இதழ்கள்

காலை வெயில் என் கடை மேசையில் சாய்ந்து விழுகிறது. அடுத்த தெருத் தையல்காரி, நான் விற்ற காலெண்டுலாப் பூக் களிம்பின் காலி டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைக்கிறாள். "உங்க பூ மருந்துதான்க்கா. பாப்பா கன்னத்துல இருந்த தடிப்பு போயே போச்சு!" அவள் இடுப்பிலிருக்கும் குழந்தை டப்பாவைத் தட்டிச் சிரிக்கிறது. என்னால் அதன் கன்னத்தைப் பார்க்க முடியவில்லை. பூவை ஆறு வாரம் எண்ணெயில் ஊறவைக்கப் பொறுமையில்லாமல், நான் வெறும் எண்ணெயையும் தேன்மெழுகையும் உருக்கி, சாயம் ஒரு சொட்டு விட்டு, அழகுக்கு மேலே நாலு இதழ் தூவிய டப்பா அது. அதில் பூ என்று இருந்ததே அந்த நாலு இதழ்தான். அவளோ, தைத்து மிஞ்சிய துண்டுத் துணி ஒன்றை மெல்லப் பிரிக்கிறாள். உள்ளே அதே நாலு இதழ்கள், பிசுக்குப் போகத் துடைத்து உலர்த்தியவை. "நீங்க பாடுபட்டுப் பறிச்சது, வீணாப் போகலாமாக்கா? அடுத்த டப்பாவுல போட்டுக்குங்க." என் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய அதே களிம்பு. நீட்டிய என் உள்ளங்கையில் அவள் இதழ்களை ஒவ்வொன்றாக வைக்கிறாள். சட்டென்று கையை மூடிக்கொள்கிறேன். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க, குழந்தை என் விரல்களைப் பிரிக்கிறது.