காகம் வாங்கிய பெயர்

தூக்கணாங்குருவி கூடு விற்க இணையதளம் தொடங்கப்போகிறது என்று கேட்டதும் காகத்துக்கு வயிறு எரிந்தது. குருவி ஆசையாகச் சொல்லித் திரிந்த ‘தூக்கணாங்கூடு டாட் காம்’ என்ற பெயரை முந்திக்கொண்டு தானே பதிவு செய்துவிட்டது.

குருவி வேறொரு பெயர் வாங்கி வியாபாரத்தைத் தொடங்கியது. நன்றாகவே ஓடியது. காகத்துக்கு இன்னும் எரிந்தது. விட்டால் குருவி எடுத்துக்கொள்ளுமே என்று வருடம் தவறாமல் அந்தப் பெயரைப் புதுப்பித்தது.

ஒருநாள் குருவி கேட்டது: “அக்கா, நீங்களும் சுள்ளிக்கூடு கட்டி விக்கிறீங்களே, உங்களுக்கு ஒரு தளம் வேண்டாமா? ‘காக்கைக்கூடு டாட் காம்’ இன்னும் யாரும் வாங்காம சும்மாதான் கிடக்கு.”

“எனக்கெங்கடி நேரம்?” என்று சிடுசிடுத்தது காகம். “உன் பேரை விடாமப் பிடிச்சு வச்சிருக்கவே சரியா இருக்கு.”