கழித்தல் குறி

நேர்கோட்டுக்கு அடங்காத சமன்பாடுகளைக் கணினி சீக்கிரம் தீர்ப்பதற்காக, அவற்றை முன்கூட்டியே பதப்படுத்தித் தரும் நிரல் ஒன்றை வாகீசன் மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்தான். அவனுடையது நானூறு சுற்றில் விடைக்கு வந்தது. ஆய்வகத்தில் போன மாதம் சேர்ந்த பிரிசில்லாவுடையது முப்பதே சுற்றில் வந்தது.

"என் நிரல் அந்தப் பெரிய எண் அட்டவணையை எங்கயும் சேமிக்கவே இல்லண்ணா. தேவைப்படுறப்போ மட்டும் அதோட பெருக்கலைக் கணக்குப் போட்டுக்குது. இதப் பத்தின கட்டுரையை அனுப்புறதுக்கு முன்னாடி நிரலை ஒருதடவை பாத்துச் சொல்றீங்களா?" என்றாள் அவள்.

வாகீசன் சாப்பிடக்கூடப் போகாமல் அவளுடைய வரிகளில் தப்புத் தேடினான். நாலு மணிக்கு ஒன்று அகப்பட்டது. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தாள். விடையைக் கெடுக்காது, வேகத்தை மட்டும் குறைக்கும் தப்பு. ஆசையோடு திருத்தி ஓட்டிப் பார்த்தான். ஒன்பதாவது சுற்றில் விடை வந்து நின்றது.

தப்போடேயே தன்னை முந்தியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குறியைப் பழையபடியே மாற்றி வைத்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான் அவளிடம்.

பிரிசில்லா கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து, தன் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயரையும் தட்டினாள்.

"வரிவரியா நீங்கதானே சரிபாத்தீங்க. அனுப்பிடட்டுமாண்ணா?"