லிஸ்ட்டில் இல்லாத அண்ணன்

"ஏ பேச்சிராஜு, உன் தங்கச்சி பஸ் ஸ்டாண்டையே கலக்கிட்டாளாம்லா!"

தறி செட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கூடத் தறி ஓட்டும் சுடலைராஜ் இப்படிக் கேட்டான். பேச்சிராஜுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எவனோ ஒருத்தன் தினமும் அவ பின்னாலயே சுத்திருக்கான். இன்னிக்கு வழிய மறிச்சுக் கையப் பிடிச்சிட்டான். போன்ல என்னமோ பட்டன அமுக்கினாளாம், ரெண்டே நிமிசத்துல ஆள் கூடிட்டு. பயலப் பிடிச்சு ஸ்டேஷன்ல விட்டாச்சு. ஏன்வே, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அதுதான் சுருக்கென்று தைத்தது. கூடப் பிறந்தவன் நாலு தெரு தள்ளித்தான் நிற்கிறான். ஊருக்கே தெரிந்த சேதி அவனுக்குக் கடைசியில் வருகிறது. இதைவிடக் கேவலம் உண்டா?

வண்டியை வாசலில் போட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனான்.

தங்கச்சி சுமதி மருந்துக்கடைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எங்கட்டி போனு?"

எடுத்து நீட்டினாள்.

பொம்பளைப் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு ஆப். சிவப்புப் பட்டனை அமுக்கினால், அவள் நிற்கிற இடம் ஐந்து பேருக்குப் போய்ச் சேரும். அந்த மகராசர்கள் யாராம்? பூக்கடை இசக்கித்தாய். பழக்கடை இப்ராஹீம் பாய். மினிபஸ் கண்டக்டர் லிங்கேஷ். ஆட்டோ ஸ்டாண்டு தங்கப்பழம். கூட வேலை பார்க்கும் ஹஸ்னா பானு.

பேச்சிராஜின் பெயர் இல்லவே இல்லை.

"நல்லா இருக்குட்டி நியாயம்! கண்டக்டருக்கு இடம் இருக்கு, பழம் விக்குதவருக்கு இடம் இருக்கு. அண்ணன் என்ன செத்தா போயிட்டேன்? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போவேன்?"

"கையப் பிடிச்சது என்னைய. உனக்கு உன் மூஞ்சிதான் கவலை."

"வாய மூடு! உனக்கு ஒண்ணுன்னா உயிரக் கொடுத்து ஓடி வாரவன் நாந்தான்! இவங்கல்லாம் யாரு?" போனில் அந்த ஐந்து பேரும் அனுப்பிய பதில்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். ஒன்றை உரக்கப் படித்தான். "'அங்கனயே நில்லும்மா, வந்துட்டேன்.' இப்ராஹீம் பாய் வருவாராம்!"

"வந்தாரு. கடையத் தொறந்தபடியே போட்டுட்டு, செருப்புகூடப் போடாம ஓடி வந்தாரு."

"அப்போ நான் வரமாட்டேனா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எனக்கு அமுக்கிப் பாத்திருக்கியாட்டி?"

சுமதி சொம்பை நங்கென்று கீழே வைத்தாள். அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். பழைய செய்திகளைத் தேடி, ஓர் இடத்தில் நிறுத்தி, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அன்னிக்கு லிஸ்ட்ல ஒரே ஒரு நம்பர்தான் இருந்துச்சு. படி."

மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. 'ஆபத்து. உடனே வாங்க.' கீழே மேப், 'ஒருத்தன் பின்னாலயே வாரான்ணே' என்று அவள் தட்டிய ஒரு வரி. அதற்கும் கீழே பேச்சிராஜ் அனுப்பிய பதில்:

'நீ சிரிக்காமலா அவன் பின்னால வாரான்? பொத்திக்கிட்டு வீடு வந்து சேரு.'