வலப்பக்கச் சுவர்

பதினான்கு வருடத்தில் அமெரிக்காவின் ஒன்பது ஊர்களின் கால்பந்து அணிகளில் முன்கள ஆட்டக்காரனாக ஆடியவன் வாரன் கோவால்ஸ்கி. கோடையில் புல்வெளி. குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே, ஐஸ் ஹாக்கித் தளத்தின் மேல் பச்சை விரிப்பைப் போட்டு, சுற்றிலும் மரச்சுவர் நிற்கும் கால்பந்து. அங்கே பந்து வெளியே போகாது. சுவரில் அடித்துவிட்டு ஓடினால் காலுக்கே திரும்பி வரும். அணிகள் கலைந்தன, மனைவியும் போய்விட்டாள். சுவர் மட்டும் எந்த ஊரிலும் அவனுக்குப் பந்தைத் திருப்பிக் கொடுத்தது.

இந்தக் கோடையில் திறந்த மைதானத்தில் இரண்டு தடவை அவன் கால் பழக்கத்தில் பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டது. "அங்க யாரு இருக்கான்னு குடுக்கிற? இன்னொரு வாட்டி இப்படிப் பண்ணினா மூட்டையக் கட்டிக்கோ," என்றார் பயிற்சியாளர்.

ஆகஸ்ட் வெயிலில் மூன்றாவது தடவையும் அதுவே நடந்தது. எதிராளி குறுக்கே வந்ததும் வலப்பக்கம் வெறும் வெளியில் அடித்துவிட்டு வாரன் முன்னே ஓடினான். கூட்டம் சிரித்தது. டம்மென்று மரம் அதிரும் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது. பந்து அவன் காலடிக்கு வந்து சேர்ந்தது; பூட்ஸுக்கு அடியில் தரை சில்லிட்டது. எதிரே நின்ற கோல்கீப்பர் பந்து வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாரன் பந்தை அப்படியே விட்டுவிட்டு, கையை முன்னால் நீட்டியபடி கோட்டைத் தாண்டி நடந்தான். லைன்ஸ்மேன் கொடியை இறக்கி வழிவிட்டார். நாலடி போனதும் நீட்டிய கை எதிலோ பட்டு நின்றது. அவன் அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.