இடது இருக்கை

கூரையும் பெல்ட்டும் இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் மலைப்பாதையில் உருண்டும், தீனதயாளன் கீறலின்றித் தப்பினார்; கண் திறந்தபோது மனைவி பிரமிளாவும் பக்கத்தில் அப்படியே இருந்தாள். அதைப் பழுதுபார்த்து நிறுத்திவிட்டு, பாதுகாப்புக்காக அவர் புது செடான் வாங்கினார்.

முதல் நாள் பெல்ட் மாட்ட மறந்தார். கார் கத்தியது.

“பாத்தியா, பழசு இப்படிச் சொல்லுமா?” மாட்டிக்கொண்டே சிரித்தார்.

பக்கத்தில் பிரமிளாவும் பெல்ட் போட்டிருக்கவில்லை. அவளுக்காகக் கார் கத்தவில்லை.

“ரிப்பேர் போல,” என்று அவளை இறங்கச் சொல்லி, அந்த இருக்கையில் அரிசிப் பையை வைத்தார். கத்தியது. பையை எடுத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார். சத்தமே இல்லை.

“பழைய வண்டியிலயே போயிடலாங்க,” என்றாள் பிரமிளா, மெதுவாக.

இடப்பக்கம் திரும்பாமலேயே, “சரிம்மா,” என்றார்.